விட்டுப்போன ஏழு இழைகள்

இலக்கிய நண்பர்கள் கூடும் இவ்விடத்தில் இரும்பையும் எண்ணெயையும் பற்றி எழுதலாமா என்ற தயக்கம் எங்களுக்கு உண்டு. ஆயினும் சென்ற தை மாதம் எங்கள் பட்டறையில் நிகழ்ந்த ஒன்றை எழுதி முடிக்காமல் வேறெதையும் எழுத மனம் கொள்ளவில்லை. அது ஓர் அளவுகோல் பொய் சொன்ன கதை. அதைவிட, அந்தப் பொய்யை நம்பி நாங்கள் ஒரு பையனைக் குற்றவாளியாக்கிய கதை.

எடப்பாடியை அறிந்தவர்களுக்கு அதன் ஒலி தெரிந்திருக்கும். தெருவில் நடந்தால் வீட்டுக்கு வீடு விசைத்தறிகளின் சடசடப்பு கூடவே வரும். துண்டும் வேட்டியும் சேலையும் நெய்யும் ஊர் இது. தறி ஓடும் ஊரில் தறி பழுதாவதும் இயல்பு. அப்பழுதை நம்பி வாழும் லேத் பட்டறைகள் இங்கே பல. அண்ணன் தம்பி நாங்கள் இருவரும் நடத்துவது அவற்றுள் ஒன்று. ஒரு லேத்து, ஒரு மில்லிங் இயந்திரம், ஒரு துளையிடும் இயந்திரம், வேலைக்கு ஒரு பையன். சுவருக்கு அப்பால் பக்கத்து வீட்டாரின் தறிக்கூடம்.

மில்லிங் இயந்திரத்தை நாங்கள் பழையதாக வாங்கினோம். அதில் டி.ஆர்.ஓ. பொருத்தியிருந்தார்கள். அறியாதவர்களுக்காக ஒரு சொல்: இயந்திரத்தின் மேசை இடவலமாகவும் முன்பின்னாகவும் எவ்வளவு நகர்ந்தது என்பதைச் சிவப்பு எண்களில் காட்டும் கருவி அது. மேசையின் முதுகுப்புறத்தில் அலுமினியக் கூட்டுக்குள் ஒரு நீண்ட கண்ணாடிப் பட்டை இருக்கும். அதன்மீது நகரும் தலைப்பகுதி அளவைப் படித்துக் கம்பி வழியே எண்பெட்டிக்கு அனுப்பும். எங்களுடையது ஒரு மில்லிமீட்டரை 200 கூறாக்கி, 0.005 மி.மீ. வரை காட்டக்கூடியது. அது வந்த பிறகு கைச்சக்கரத்தின் வளையத்தில் பொறித்திருக்கும் கோடுகளை நாங்கள் பார்ப்பதையே விட்டுவிட்டோம். ஒளிரும் எண் கண்ணுக்கு நேரே இருக்கும்போது எண்ணெய்க் கறைபடிந்த வளையத்தைக் குனிந்து பார்ப்பவர் யார்?

*

மார்கழிக் கடைசியில் ஒரு வேலை வந்தது. தறிக்கான பக்கத் தகடுகள், மொத்தம் 12. ஒவ்வொன்றிலும் 20 மி.மீ. இடைவெளியில் வரிசையாக 16 துளைகள். முதல் துளையிலிருந்து கடைசித் துளை வரை சரியாக 300 மி.மீ. பையன் துளையிட்டான், நாங்கள் அனுப்பினோம். நான்காம் நாள் 12 தகடுகளும் திரும்பி வந்தன.

வெர்னியரை வைத்துப் பார்த்தோம். முதல் 11 துளைகள் குறையின்றி இருந்தன. 11-க்கும் 12-க்கும் நடுவே மட்டும் இடைவெளி 20 அன்று, 20.14. அதற்குப் பின் மீண்டும் எல்லாம் 20. ஆக, 12-ஆம் துளை முதல் கடைசித் துளை வரை மொத்த வரிசையும் 0.14 தள்ளி நின்றது. எல்லாத் தகடுகளிலும் ஏறக்குறைய இதே கதை, சிலவற்றில் 0.12, சிலவற்றில் 0.16.

இத்தகைய பிழைக்குக் காரணம் கற்பிப்பது எளிது. ஏற்கெனவே எங்களிடம் ஒரு காரணம் இருந்தது.

"பதினோராவது துளை போட்டதும் டீக்குப் போயிருப்பே. வந்து விட்ட எடத்தப் புடிக்கறப்ப கைச்சக்கரத்தோட ஆட்டத்த எடுக்காம விட்டிருப்பே" என்றோம்.

"இல்லீங்கண்ணா. கைச்சக்கரம் ஒண்ணு சொல்லுது, நம்பர் ஒண்ணு சொல்லுதுங்க. நான் நம்பரைத்தானுங்க பார்த்தேன்" என்றான்.

பன்னிரண்டு தகட்டிலும் ஒரே துளைக்குப் பிறகுதானா ஒருவன் தேநீர் குடிக்கப் போவான் என்று எங்களுக்கு அப்போது தோன்றவில்லை. ஆனால் ஒரு சோதனை செய்தோம். அதைச் சொல்லாமல் விட்டால் எங்களை நாங்களே குறைவாகக் குற்றம் சாட்டியதாகும். மேசையை ஒரு முனையில் நிறுத்தி, டயல் கேஜின் முள்ளைச் சுழியத்தில் வைத்து, எண்பெட்டியையும் சுழியமாக்கினோம். 300 வரை ஓட்டிச் சென்று திரும்பக் கொண்டு வந்தோம். முள் சுழியத்துக்கு வந்தபோது எண்ணும் சுழியத்துக்கு வந்தது. மூன்று முறை அப்படியே. பையனுக்கு நேராக அந்த எண்ணைக் காட்டினோம். அவன் ஒன்றும் பேசவில்லை. அவன் கூலியில் இரண்டு நாளுக்கானதைப் பிடித்துக்கொண்டோம்.

*

தைப்பூசத்தை ஒட்டி எடப்பாடியிலிருந்து காவடி எடுத்துப் பழனிக்கு நடந்து செல்வது இவ்வூரின் பழைய வழக்கம். எடப்பாடிக் காவடிக் குழுவினர் பழனி மலையின்மேல் இரவு தங்குவதும், அங்கேயே டன் கணக்கில் பஞ்சாமிர்தம் செய்வதும் பலரும் அறிந்தவை. அவ்வாண்டும் ஊரில் பாதி கிளம்பிற்று. பையனும் கிளம்பினான். திரும்பி வந்த தகடுகளுக்குப் பதிலாக வேறு 12 செய்து தர வேண்டியிருந்ததால் நாங்களே இயந்திரத்தில் நின்றோம்.

முதல் தகட்டைத் துளையிட்டு முடித்து வெர்னியரை வைத்தோம். 11-க்கும் 12-க்கும் நடுவே 20.14.

அன்று பட்டறையில் எங்கள் இருவரைத் தவிர யாருமில்லை. டீக்கும் யாரும் போகவில்லை. நெடுநேரம் நாங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை.

பிறகு தேடத் தொடங்கினோம். முதலில் வெப்பத்தின்மீது பழி போட்டோம். நீளங்களையெல்லாம் 20 பாகை செல்சியஸில் ஒப்பிடுவது உலக வழக்கம். எங்கள் தகரக் கூரையின் கீழே தை மாத நண்பகலிலும் 30-ஐத் தொடும். ஆனால் கணக்குப் போட்டபோது அது நிற்கவில்லை. ஒரு பாகைக்கு எஃகு பத்து லட்சத்தில் சுமார் 11.5 பங்கு நீள்கிறது. கண்ணாடி சுமார் 8 பங்கு. வேறுபாடு 3.5. 220 மி.மீ. நீளத்துக்கு 10 பாகை வேறுபாட்டில் 0.008 மி.மீ.கூட வராது. தவிரவும், வெப்பம் நீளம் முழுவதையும் சிறிது சிறிதாக நீட்டுமேயன்றி ஓர் இடத்தில் மட்டும் குதிக்க வைக்காது.

அடுத்துத் தலைப்பகுதியைத் தாங்கும் இரும்புப் பட்டையைப் பிடித்து ஆட்டிப் பார்த்தோம், தளர்வு இல்லை. கம்பியை நெடுக வளைத்து வளைத்துப் பார்த்தோம், எண் அசையவில்லை. மண்ணிணைப்பைச் சரிபார்த்தோம். பிறகு மின்சாரத்தை நிறுத்திவிட்டு, எண்பெட்டியின் பின்னால் இடவல அளவுகோலின் செருகியையும் முன்பின் அளவுகோலின் செருகியையும் மாற்றிச் செருகினோம். பெட்டி பழுதென்றால் பிழை பழைய சாளரத்திலேயே நிற்கும். அளவுகோல் பழுதென்றால் பிழை அதனுடன் இடம் மாறும். மாறியது. பெட்டி குற்றமற்றது.

கடைசியாகக் கைச்சக்கரத்தைத் துடைத்தோம். ஒரு சுற்றுக்கு 5 மி.மீ.; வளையத்தில் ஒரு கோட்டுக்கு 0.02. ஆட்டம் கணக்கில் சேராதிருக்க ஒரே திசையில் மட்டும் சுற்றி, ஒவ்வொரு சுற்று முடிவிலும் எண்ணைக் குறித்துக்கொண்டு வந்தோம். 5, 10, 15 என்று 210 வரை இரண்டும் கைகோத்து வந்தன. அடுத்த சுற்றில் சக்கரம் 215 என்றது, எண் 214.860 என்றது. அதன்பின் இறுதி வரை அந்த 0.14 வேறுபாடு மாறவேயில்லை. திருகுத்தண்டு தேய்ந்திருந்தால் பிழை மெல்ல வளர்ந்து மெல்லக் குறையும். இது ஒரே இடத்தில் விழுந்த பள்ளம்.

கைச்சக்கரம் ஒன்று சொல்கிறது, எண் ஒன்று சொல்கிறது. பையன் சொன்னது வார்த்தைக்கு வார்த்தை அதுதான்.

*

இடம் தெரிந்துவிட்டது. ஆனால் சென்று திரும்பினால் எண் எப்படிச் சுழியத்துக்கு வந்தது? இதற்கான விடை எங்கள் அம்மாவிடமிருந்து கிடைத்தது.

அம்மா கைத்தறி காலத்து மனுஷி. துணியின்மேல் விரலை வைத்து, ஓர் அங்குலத்துக்குள் பாவு எத்தனை, ஊடை எத்தனை என்று எண்ணிச் சொல்லக்கூடியவர். மாலையில் டீ கொண்டு வந்தவர், தாளில் நாங்கள் எழுதி வைத்திருந்த எண்களைப் பார்த்து என்னவென்று கேட்டார். கண்ணாடியில் நெருக்கமாகக் கோடுகள் போட்டிருப்பார்கள், பெட்டி அவற்றை எண்ணுகிறது, எங்கேயோ எண்ணிக்கையை விட்டுவிடுகிறது என்றோம்.

"நாங்க எண்ணறாப்லதானே அதும் எண்ணுது? உட்டா முழு எழையத்தானே உடும். அரை எழையா உடும்?" என்றார்.

தாளைத் திரும்பப் பார்த்தோம். 0.14, 0.12, 0.16. எல்லாம் 0.02-இன் மடங்குகள். எங்கள் வெர்னியரின் மிகச் சிறிய அளவும் 0.02 ஆகையால் இதை முன்பு நாங்கள் பொருட்படுத்தவில்லை. இப்போது மறுமுனையிலும் ஒரு டயல் கேஜை நிறுத்தி, பத்து முறை போய் வந்து எண்பெட்டியின் எண்ணையே குறித்தோம். 0.005 வரை காட்டக்கூடிய பெட்டியில், ஒரு பயணத்துக்கும் மறு பயணத்துக்குமான வேறுபாடு ஒன்றுமில்லை, அல்லது 0.02, அல்லது 0.04. 0.01-உம் இல்லை, 0.03-உம் இல்லை.

காரணம் கண்ணாடியின் அமைப்பில் இருக்கிறது. எங்கள் பட்டையில் கோட்டுக்குக் கோடு 20 மைக்ரான், அதாவது 0.02 மி.மீ. ஒரு மில்லிமீட்டருக்கு 50 கோடுகள். தலைப்பகுதியிலும் அதே நெருக்கத்தில் கோடிட்ட சிறு கண்ணாடித் துண்டு உண்டு. ஒரு புறம் விளக்கு, மறு புறம் ஒளியை உணரும் கண்கள். கோடும் கோடும் பொருந்தினால் வெளிச்சம். கோடு இடைவெளியை மறைத்தால் இருள். இரண்டு மெல்லிய துணிகளை ஒன்றன்மேல் ஒன்றாகப் பிடித்து நகர்த்தினால் நீர்மேல் ஓடுவது போன்ற வரிகள் தோன்றுமே, அதே தத்துவம். அவ்வரிகளுக்கு உலகம் இட்ட பெயர் 'முவாரே'. அதுவும் நெசவிலிருந்து வந்த சொல்லே. நீரலை போல் மினுக்கும் ஒருவகைப் பட்டுக்குப் பிரெஞ்சுக்காரர் வைத்த பெயர். 1874-இல் ராலே பிரபு, நுண்கோடிட்ட கண்ணாடிகளின் குறைகளைக் கண்டறிய இவ்வரிகளைப் பயன்படுத்தலாம் என்று எழுதினார். 1950-களில் எடின்பரோவில் ஃபெரான்டி நிறுவனத்தில் வில்லியம்சன் என்பவரும் அவருடைய குழுவினரும் அவ்வரிகளை எண்ணி இயந்திர மேசைகளின் நகர்வை அளந்தார்கள். தறியில் பிறந்த பெயர் எத்தனையோ நாடு சுற்றி எடப்பாடியில் ஒரு தறிக்கூடத்துக்குப் பக்கத்துச் சுவரில் வந்து நின்றிருப்பதை நாங்கள் அன்றுதான் அறிந்தோம்.

ஒளிக்கண்களில் வரும் குறிப்பு இரு தடங்களாகப் பெட்டிக்குச் செல்லும். ஒரு தடம் மற்றதைவிடக் கால் கோட்டளவு முன்னே நிற்கும். எது முந்துகிறது என்பதைக் கொண்டு மேசை எத்திசையில் நகர்கிறது என்று பெட்டி அறிகிறது. ஒரு கோட்டை நான்காகப் பகுத்து 0.005 என்று எண்ணுவதும் இதனால்தான். ஓரிடத்தில் அழுக்குப் படிந்து ஒரு தடம் மங்கிவிட்டால், மற்ற தடம் மட்டும் முன்னும் பின்னுமாக ஆடும். பெட்டி ஒன்று கூட்டும், ஒன்று கழிக்கும். நின்ற இடத்திலேயே நிற்கும். மேசையோ நகர்ந்துகொண்டிருக்கும். அழுக்கைத் தாண்டியதும் பெட்டி மீண்டும் ஒழுங்காக எண்ணத் தொடங்கும். நடுவே போன கோடுகள் போனவைதாம். அவை முழுக் கோடுகளாகவே போகும்.

இதிலிருந்து சுழியத்தின் சூழ்ச்சியும் விளங்கிற்று. போகும்போது ஏழு கோடுகளை விட்டது. திரும்பும்போதும் அதே இடத்தில் அதே ஏழை விட்டது. இரண்டு பிழைகள் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு, முடிவில் குற்றமற்ற சுழியம் ஒன்று மினுங்கியது. அந்தச் சுழியத்தைத்தான் நாங்கள் சாட்சியாகக் கொண்டு வந்து பையன் முன் நிறுத்தினோம்.

*

மறுநாள் காலை அளவுகோலைக் கழற்றினோம். அலுமினியக் கூட்டின் வாயில் இரண்டு ரப்பர் இதழ்கள் ஒன்றோடொன்று சேர்ந்து தூசியைத் தடுக்கும். ஓரிடத்தில் ஓர் இதழ் உள்நோக்கிப் புரண்டிருந்தது. அதன் நேரே கண்ணாடியில் சாம்பல் நிறத்தில் ஒரு பூச்சு. விரலால் தொட்டபோது புரிந்தது: பக்கத்துத் தறிக்கூடத்துப் பஞ்சுத் தூசியும் எங்கள் கூலண்ட் எண்ணெயும் சேர்ந்து உண்டான பசை.

இதழ் ஏன் புரண்டது என்பதையும் எழுதிவிட வேண்டும். நாள்தோறும் வேலை முடிந்ததும் கம்ப்ரசர் காற்றுக் குழலால் இயந்திரத்தின் இண்டு இடுக்கெல்லாம் ஊதிச் சுத்தம் செய்வது எங்கள் வழக்கம். அதில் எங்களுக்குப் பெருமையும் உண்டு. இத்தகைய அளவுகோலின் இதழ்களை நோக்கி அழுத்தக் காற்றை ஊதக் கூடாது. அது தூசியை வெளியேற்றாது, இதழைத் தள்ளி உள்ளே செலுத்தும். பையன் ஊதுவதில்லை. அவன் தூரிகையால் தள்ளித் துணியால் துடைப்பான். சோம்பல் என்று நாங்கள் அதற்கும் ஒரு பெயர் வைத்திருந்தோம்.

துடைக்க ஐசோபுரோபைல் ஆல்கஹால் கிடைத்தது. பிசிறு விடாத துணிதான் கிடைக்கவில்லை. துணி நெய்யும் ஊரில், துணியால் நிறைந்த வீட்டில், ஒரு சாண் கண்ணாடியைத் துடைக்கத் துணியில்லாமல் நின்றோம். முடிவில் அம்மாவின் மூக்குக்கண்ணாடிப் பெட்டியிலிருந்த சிறு துணி கை கொடுத்தது. ஒரே திசையில், அழுத்தாமல் துடைத்தோம். இதழை நிமிர்த்தினோம். திரும்பப் பொருத்தும்போது கூடு மேசைக்கு இணையாக நிற்கிறதா என்று டயல் கேஜை ஓட்டிப் பார்த்து, முனைக்கு முனை 0.1 மி.மீ.க்குள் கொண்டு வந்தோம். மேலே ஒரு தகரக் காப்பு வைத்தோம். பிறகு சக்கரத்தைச் சுற்றினோம். 210, 215, 220. இரண்டும் ஒன்றே சொல்லின.

அழுக்கைப் பெரிதும் பொறுத்துக்கொள்ளும் காந்தப் பட்டை அளவுகோல்கள் இப்போது கிடைக்கின்றன. அடுத்து வாங்கினால் அதைத்தான் வாங்குவோம். ஆயினும் கருவியை மாற்றினால் தீர்ந்துவிடக்கூடிய சிக்கல் இதுவன்று என்று தோன்றுகிறது.

அன்றிரவு நாங்கள் பேசிக்கொண்டிருந்தது லாம்டனைப் பற்றி. தென்னிந்தியாவை முக்கோணங்களாக அளந்த அவர் 1802-இல் சென்னை பரங்கிமலை அருகே சுமார் ஏழரை மைல் நீளத்துக்கு அடிக்கோடு அளந்தபோது, எஃகுச் சங்கிலி வெயிலில் நீள்வதற்கும் கணக்கு வைத்துத் திருத்தியவர். 1808-இல் தஞ்சைப் பெரிய கோயிலின்மேல் அவருடைய தியோடலைட்டை ஏற்றும்போது கயிறு அறுந்து, அரை டன் எடையுள்ள அந்தக் கருவி சுவரில் மோதிற்று. கோணங்களைப் படிக்கும் பித்தளை வட்டம் நெளிந்துபோயிற்று. வேறு கருவி வரக் காத்திராமல் அவர் ஏறத்தாழ ஆறு வாரம் அமர்ந்து, ஆப்பும் திருகும் கப்பியும் கொண்டு வட்டத்தைச் சிறிது சிறிதாக இழுத்துப் பழைய உருவுக்குக் கொண்டு வந்தார் என்பது வரலாறு. அவருக்கு வாய்த்த நற்பேறு ஒன்று உண்டு: அவருடைய கருவி உடைந்தது எல்லோர் கண்முன்னும். எங்களுடையது ஒளிரும் எண்களுக்குப் பின்னால் ஓசையின்றிக் கெட்டது. கண்ணுக்குத் தெரியாமல் கெடும் கருவிக்கு ஒரு மனிதனின் வாக்குத்தான் முதல் எச்சரிக்கை. அந்த வாக்கைத்தான் நாங்கள் தள்ளினோம்.

*

பையன் திரும்பி வந்தான். கால் கொப்புளங்களோடும் ஒரு டப்பா பஞ்சாமிர்தத்தோடும். இயந்திரத்தருகே அழைத்துச் சென்று, கழற்றியதும் கண்டதும் எல்லாம் சொன்னோம். துடைத்த சிறு துணியைக்கூட எடுத்து வைத்திருந்தோம். அதன் சாம்பல் கறையைக் காட்டினோம். பிடித்த இரண்டு நாள் கூலியைக் கொடுத்து, தவறு எங்களுடையது என்றோம்.

"செரிங்கண்ணா" என்றான். பிறகு, "அடுத்த தகட்ட மாட்டட்டுங்களா?" என்று கேட்டான். அவ்வளவே.

இப்போது எங்கள் பட்டறையில் ஒரு வழக்கம் இருக்கிறது. காலையில் இயந்திரத்தை ஓட்டியதும் 100, 200, 300 என மூன்று இடங்களில் கைச்சக்கரத்தையும் எண்ணையும் ஒப்பிட வேண்டும். இரண்டும் வேறாகச் சொன்னால் எதையும் நம்பாமல் வேலையை நிறுத்த வேண்டும். காற்றுக் குழல் லேத்தின் பக்கம் போய்விட்டது. அந்த 12 தகடுகளுள் ஒன்றைச் சுவரில் மாட்டியிருக்கிறோம்.

சரிசெய்ய முடியாத ஒன்றும் இருக்கிறது. முன்பெல்லாம் ஏதேனும் குறை கண்டால் பையன் நின்ற இடத்திலிருந்தே, "அண்ணா, இங்க வந்து பாருங்க" என்று கூப்பிடுவான். இப்போது கூப்பிடுவதில்லை. முதலில் வெர்னியரை வைத்து இரண்டு முறை அளக்கிறான். ஒரு துண்டுத் தாளில் எண்ணை எழுதுகிறான். அதைக் கையில் எடுத்துக்கொண்டுதான் எங்களிடம் வருகிறான். நல்ல பழக்கம் என்று வந்து பார்ப்பவர்கள் சொல்கிறார்கள். அந்தத் தாள் எதற்கு என்று எங்களுக்குத் தெரியும்.